மீட்டர் ஐயாவும் தானாக இறங்கிய பெட்டரியும்

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். தேங்காய் துருவிச் சம்பல் இடித்தேன். அரசாங்கக் கச்சேரிக்கு வேலைக்குக் கட்டிப்போன மூன்று சேலைகளைத் துவைத்து மாடிக் கொடியில் போட்டேன். பத்து மணிக்குச் சந்தைக்குப் போய்ப் பத்தே முக்காலுக்குத் திரும்பினேன். மாலை நாலு இருபத்தைந்துக்குக் கீழ்வீட்டில் ஓர் அலறல் கேட்டது. என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. அலறலுக்கு நேரே ‘மீட்டர் ஐயா, பெட்டரி’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

மாத்தளை மாவட்டத்தில் மீட்டர் ஐயாவைப் போல மின்சாரத்தைச் சந்தேகித்த மனிதர் இதுவரை பிறந்ததில்லை. இனிமேல் பிறப்பதாக இருந்தாலும் அவர் விடமாட்டார். பிரசவ அறைக்கு எதற்கு இத்தனை லைட் என்று கேட்பார்.

முப்பத்தொரு வருடம் மின்சாரக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதலில் வீடு வீடாக மீட்டர் வாசித்தார். பிறகு முறைப்பாட்டுப் பிரிவில் உட்கார்ந்தார். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கே மறந்துவிட்டது. கீழ்வீட்டில் அவரும் மனைவி சரோஜா அக்காவும். மேல்வீட்டில் வாடகைக்கு நான். கச்சேரியில் பதிவறை எழுதுவினைஞராக இருக்கிறேன் என்று சொன்னதும் உடனே வீட்டைக் கொடுத்துவிட்டார். பதிவேடு பார்க்கிறவள் கரண்டை வீணாக்கமாட்டாள் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

குடிவந்த அன்றே சட்டைப்பையில் கரண்ட் பார்க்கிற டெஸ்டரோடு மேலே வந்து என் சாமான்களை ஒவ்வொன்றாக விசாரித்தார். இஸ்திரிப்பெட்டி, ரைஸ் குக்கர் எல்லாம் முடிந்து, சுவரில் தொங்கிய ஒன்றைக் காட்டினார்.

“அது என்ன?”

“நுளம்பு அடிக்கிற மட்டைங்க ஐயா.”

“ஒரு நுளம்புக்கு எவ்வளவு கரண்ட் இழுக்கும்?”

எனக்குத் தெரியவில்லை. “தெரியாமப் பாவிக்கிறீங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஒரு வாரம் கையால்தான் நுளம்பு அடித்தேன்.

அதன் பிறகு படிக்கட்டில் நின்று என் பிரிட்ஜின் சத்தத்தைக் கேட்பது அவருக்கு வழக்கமாயிற்று. “மிஸ், ஒங்க பிரிட்ஜ் நேத்து பத்தொம்பது தடவ மூச்சு வாங்கிச்சு. அதுக்கு ஏதும் சொகமில்லையா?” என்பார். படிக்கட்டு விளக்கு விஷயம் இதைவிட மோசம். காலை ஏழு பத்துக்கு நான் வேலைக்குக் கிளம்பும்போது அதை அணைக்க மறந்தால், கேற்றை அடையுமுன் பின்னால் குரல் வரும். “மிஸ்! மேல யாருக்கு லைட்? பேய்க்கா? பேய்க்கு இருட்டுல கண்ணு தெரியும்!” பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்துவிடும்.

முறைப்பாட்டுப் பிரிவில் இருந்த காலத்தில் அவரிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. “ஐயா, நாங்க ஒண்ணும் பாவிக்கல, மீட்டர் தானா ஓடுது” என்று யார் வந்து நின்றாலும், நிமிர்ந்து பார்க்காமல் சொல்வார்: “பாவிக்காம கரண்ட் போகாதுங்க.” அவ்வளவுதான். மனு கோப்புக்குள் போய்விடும். அவர் காலத்தில் மின்சாரக் கந்தோருக்கு வந்த முறைப்பாடுகளில் நியாயமானது ஒன்றுகூட இல்லை. இதை அவரே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

இதன் பலனை ஓய்வு பெற்ற பிறகு அனுபவித்தார். டவுனில் அவர் நடந்து வந்தால் கடைக்காரர்களுக்குத் திடீரென்று உள்ளே வேலை வந்துவிடும். பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து சீட் தம்புள்ளை வரைக்கும் காலியாகவே போகும். அவரோடு தொடர்ந்து ஐந்து நிமிடம் பேச இந்த மாவட்டத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். கலேவெலயில் முன்பு கூல் ஸ்பொட் என்கிற குளிர்பானக் கடை நடத்திய ஐஸ் நானா. அவர்கள் பேசியதும் டீவி கேமில்தான்.

கேம் வந்த கதை இது. இரண்டு வருடத்துக்கு முன் ஐயாவின் மகள் குடும்பம் ஆஸ்திரேலியா போனபோது கேம் பெட்டியையும் வயர் இல்லாத ஒரு கொன்ட்ரோலரையும் இங்கேயே விட்டுப் போனார்கள். அது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் ஐயா அதைப் போட்டார். இரண்டு நாள் சோதித்தார். மூன்றாம் நாள் கிரிக்கெட்டில் சதம் அடித்தார். பிறகு சீனி வியாதி கிளினிக் வரிசையில், தன் வீட்டிலும் பேரப்பிள்ளைகளின் அதே கேம் இருப்பதாக ஐஸ் நானா வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஞாயிறு தோறும் நாலு மணிக்கு மாத்தளைக்கும் கலேவெலக்கும் மேட்ச். பக்கத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் சண்டை பிடிக்க முடியாதே.

ஆட்டம் முடிந்ததும் ஐயா கொன்ட்ரோலரைத் துடைத்து, கறுப்புப் பொலித்தீன் பையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, அல்மாரிக்குள் வைப்பார். அந்த வீட்டில் எல்லாச் சாமானுக்கும் அந்த மரியாதை உண்டு. டீவி ரிமோட், டோர்ச், கல்குலேட்டர், பிரஷர் பார்க்கிற மெஷின் எல்லாம் அதே பொலித்தீனில்தான் இருக்கும். கந்தோரில் மீட்டர் கார்டுகளைக் கட்டுகிற முறை அது. நீளவாக்கில் ஒரு ரப்பர் பேண்ட், குறுக்கே ஒரு ரப்பர் பேண்ட், ஒவ்வொன்றும் இரண்டு சுற்று. ஒரு கார்டுகூட நழுவாது. பிறகு கேம் பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுவார். கழற்றிய பிளக்கையும் ஒருமுறை டெஸ்டரால் தொட்டுப் பார்ப்பார்.

அன்று, ஜூன் 9ஆம் திகதி, கடைசி ஓவரில் நானாவுக்கு நாலு ஓட்டம் வேண்டியிருந்தது. ஐயா பந்து போட ஓடி வருகிறார். பாதி வழியில் அவருடைய ஆள் அப்படியே நின்றுவிட்டான். கொன்ட்ரோலர் செத்துப் போயிருந்தது. அந்த நேரத்தில்தான் அலறல். நான் படியிறங்கிப் போனபோது போனில் நானாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

“தோக்கப் போறப்ப மட்டும் எப்படி ஐயா ஒங்க பெட்டரி மவுத்தாகுது? இது மூணாவது தடவ!”

“நானா, நேத்து காலையிலதான் முழு சார்ஜ் போட்டேன். அதுக்கப்பறம் நான் கையே வைக்கல. தானாவே எறங்கியிருக்கு.”

பிறகு நானா மிக நிதானமாக, ஒரு கந்தோர்க்காரரின் குரலில் சொன்னார்: “பாவிக்காம கரண்ட் போகாதுங்க.”

சரோஜா அக்கா சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டார்.

“இன்னும் ஒண்ணு சொல்றேன்” என்றார் நானா. “வார ஞாயிறு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மொத நாள், எனக்கு வேல ஈக்கி. அதுக்கு அடுத்த ஞாயிறு வாங்க. அன்னைக்கும் செத்திச்சுன்னா, இனி ஒங்களோட ஆட்டம் இல்ல. கள்ள ஆட்டம் ஆட எனக்கு நேரமில்ல ஐயா.” போன் கட்டாயிற்று.

விஷயத்தைச் சரோஜா அக்காதான் பிறகு படிக்கட்டில் வைத்துச் சொன்னார். பதினெட்டு வருடத்துக்கு முன் நானா நோன்பு மாதம் முழுக்கக் கூல் ஸ்பொட்டை மூடி, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த மாதமும் மீட்டர் வழக்கம்போல் ஓடியிருந்தது. மனு எழுதிக்கொண்டு மூன்று முறை கந்தோருக்கு வந்தார். மூன்றாம் முறை ஐயா மனுவின் ஓரத்தில் ‘பாவிக்காமல் கரண்ட் போகாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். “ஒரு தடவ போய்ப் பாத்திருக்கலாம் மிஸ்” என்றார் அக்கா. “அந்தக் கடுதாசிய நானா இன்னும் வச்சிருக்காராம்.”

எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நாலு வருடம் நான் அணைத்த விளக்குகளுக்காகவாவது அந்தச் சந்தோஷம் எனக்குச் சேர வேண்டியதுதான்.

மறுநாள் காலை ஐயா ஒரு புதிய சி.ஆர். கொப்பியோடு மேலே வந்தார். “மிஸ், நீங்க பதிவேடு பாக்குறவங்க. ஒங்க எழுத்த யாரும் கேள்வி கேக்க முடியாது. தெனமும் காலையிலயும் அந்தியிலயும் நான் சார்ஜ் பாப்பேன், நீங்க எழுதணும்.”

“ஐயா, ஞாயிறு மத்தியானம் சார்ஜ் போட்டீங்கன்னா முடிஞ்சிச்சே? இல்லாட்டி வயரைச் சொருகிக்கிட்டே ஆடலாமே?”

“சார்ஜ்ல போட்டுக்கிட்டு பாவிச்சா வெடிக்கும். ஞாயித்துக்கெழம சார்ஜ் போடுறது பிரச்சினையத் தீக்கிறதில்ல மிஸ், பிரச்சினைக்குச் சோறு போடுறது. அது தானா எறங்குதுன்னு நான் நிரூபிக்கணும்.”

கொப்பியில் கோடு கிழித்தேன். திகதி, காலை, மாலை, குறிப்பு. முழு சார்ஜ் என்றால் டீவியில் நாலு கோடு காட்டும். முதல் நாளே கணக்கு தெளிவாயிற்று. காலையில் நாலு கோடு. கட்டி அல்மாரியில் வைத்துப் பூட்டினார். மாலையில் திறந்து பார்த்தால் இரண்டு. மறுநாள் காலையில் ஒன்று. யாரும் தொடவில்லை. சாவி ஐயாவின் அரைஞாணில்.

சார்ஜ் வயரை மாற்றினார், இறங்கியது. பிளக்கை மாற்றினார், இறங்கியது. ஈரமான போனை அரிசிக்குள் வைப்பார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அரிசி வாளிக்குள் புதைத்தார். அன்று கொன்ட்ரோலர் கிடைத்தது, அக்காவுக்கு அரிசி அளக்கிற சுண்டு கிடைக்கவில்லை. அடுத்து விசாரணை மனிதர்கள் பக்கம் திரும்பியது.

“சரோஜா, உண்மையச் சொல்லு. நான் கோயிலுக்குப் போற நேரம் நீ ஆடுறியா?”

“ஆமா. கறி கொதிக்கிறதுக்குள்ள நாலு ஓவர் போடுவேன். போங்க அங்கிட்டு!”

ஐயா என் பக்கம் திரும்பினார். “எழுதிக்குங்க மிஸ்.”

எழுதவில்லை. அடுத்த சந்தேகம் என் மேல் விழுந்தது. “வயர் இல்லாம வேல செய்ற சாமான்ல கரண்டும் வயர் இல்லாமத்தான் வெளிய போகணும். பிடிக்கிறவங்க பக்கத்துலதான் இருக்கணும்” என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார். கூரைக்கு மேல் நான்தான் இருக்கிறேன். இரண்டு நாள் என் போனை அணைத்து வைக்கச் சொன்னார், வைத்தேன். கச்சேரியில் போன் எடுத்து என்னைப் பிடிக்க முடியாமல் தேடினார்கள். பெட்டரி வழக்கம்போல் இறங்கியது. ஐயா மன்னிப்புக் கேட்கவில்லை. “ஹரி, சரி, மிஸ் இல்ல” என்று மட்டும் சொன்னார். விடுதலை உத்தரவை அவர் அப்படித்தான் வழங்குவார்.

பதினெட்டாம் திகதி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் போன் திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனார். நான் வேலை முடிந்து வருகிற வழி, சாட்சிக்கு என்று என்னையும் நிறுத்திக்கொண்டார். கடைக்காரர் பொலித்தீனைப் பிரித்து, திறந்து, எதையோ வைத்து அளந்து பார்த்தார்.

“பெட்டரி புதுசு மாதிரி இருக்குங்க ஐயா. யாரோ பாவிக்கிறாங்க.”

“யாரும் பாவிக்கல தம்பி! அல்மாரிக்குள்ள பூட்டி வச்சிருக்கேன். சாவி எங்கிட்ட!”

“பாவிக்காம சார்ஜ் போகாதுங்க ஐயா.”

கடைக்காரருடைய அப்பா காலத்தில் அவர்கள் வீட்டு மீட்டரையும் ஐயாதான் வாசித்தாராம். கடைக்காரர் வேண்டுமென்று சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டு சோல்டரிங் கம்பியைத் தேடுவதுபோல் குனிந்து வெகுநேரம் நிமிரவில்லை என்பது தெரியும்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். வீட்டை நெருங்கிவிட்ட பிறகு ஐயா கேட்டார்: “நான் பொய் சொல்ற ஆள் மாதிரி தெரியுதா மிஸ்?”

முப்பத்தொரு வருடமாக அவருக்கு முன்னால் நின்றவர்களும் இதையேதான் கேட்டிருப்பார்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “இல்லைங்க” என்றேன்.

பத்தொன்பதாம் திகதி, புதன். காலை நாலு கோடு. மாலையும் நாலு கோடு. ஐயா கடைக்காரரின் கைராசி என்றார். இருபதாம் திகதி காலை நாலு, மாலை நாலு. ஐயா துள்ளினார். இருபத்தோராம் திகதி, வெள்ளி, பொசன் போயா விடுமுறை. காலை நாலு. மாலை இரண்டு. ஐயா அல்மாரிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மேட்சுக்கு இன்னும் இரண்டு நாள்தான். நான் கொப்பியை மேலே கொண்டுபோய் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புதனும் வியாழனும் மட்டும் ஏன் இறங்கவில்லை? கடைக்குப் போனதுதான் காரணம் என்றால் வெள்ளிக்கிழமையும் நின்றிருக்க வேண்டும். அந்த இரண்டு நாளில் இந்த வீட்டில் என்ன மாறியது? என் நாட்குறிப்பைப் புரட்டினேன். புதன்கிழமைப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: ‘காலை. கீழிருந்து இடியப்பப் பார்சல் வந்தது. சொதி நன்று.’ அந்தப் பார்சல் ஒரு ரப்பர் பேண்டால் கட்டியிருந்தது நினைவுக்கு வந்தது.

கீழே இறங்கிப் போனேன். “அக்கா, புதன்கிழமை எனக்குத் தந்த இடியப்பப் பார்சல கட்டுன ரப்பர் பேண்ட எங்க எடுத்தீங்க?”

அக்கா வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “போன் திருத்துற கடையில இருந்து வந்த பையில ரெண்டு ரப்பர் பேண்ட் இருந்திச்சு மிஸ். குறுக்க போடுறத நான் எடுத்துக்கிட்டேன். அவரு பாத்துட்டு ரெண்டு நாளா வேற தேடுனாரு. நேத்து அந்திக்குப் புதுசு வாங்கிட்டு வந்து, இன்னைக்குக் காலையிலதான் போட்டாரு. சொல்லிறாதீங்க.”

சொல்லிவிட்டேன். ஐயா நம்பவில்லை. “முப்பத்தொரு வருஷம் இப்படித்தான் கட்டுனேன். ஒரு கார்டு விழுந்ததில்ல!”

“கார்டுக்கு நடுவுல பொத்தான் இல்லைங்க ஐயா.”

கொன்ட்ரோலரை எடுத்து அவருக்கு முன்னால் அவர் முறைப்படியே கட்டினேன். நீளவாக்கில் இரண்டு சுற்று, குறுக்கே இரண்டு சுற்று. இரண்டும் சந்திக்கிற இடம் கொன்ட்ரோலரின் நட்ட நடுவே இருக்கிற பெரிய பொத்தான். அதை அமுக்கித்தான் கொன்ட்ரோலரை எழுப்புவது. அறைக் கதவைச் சாத்திவிட்டு, கறுப்புப் பொலித்தீனின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன். உள்ளே வெள்ளை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

பொத்தான் அமுங்கியே கிடந்ததால் அது தூங்கவே இல்லை. பிளக் கழற்றிய பெட்டியைத் தேடி, இருட்டு அல்மாரிக்குள் இருந்து பகல் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்பதற்குத்தான் அந்தப் பக்கம் யாரும் இல்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் ஐயாவிடம் சொல்லவில்லை. அவர் பொலித்தீன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அந்த வெளிச்சத்தையே பார்த்தார். குறுக்கு ரப்பர் பேண்டைக் கழற்றினார். சிறிது நேரத்தில் விளக்கு அணைந்தது. மாட்டினார், மினுங்கியது. கழற்றினார். ஏழு தடவை செய்தார், எண்ணினேன். பிறகு, “அப்ப நானும் பாவிக்கல, சரோஜாவும் பாவிக்கல. ஆனா கரண்ட் போயிருக்கு” என்றார். எழுதிக்கொள்ளச் சொல்லவில்லை.

இருபத்து மூன்றாம் திகதி, ஞாயிறு. சனிக்கிழமை போட்ட சார்ஜ் நாலு கோட்டோடு அப்படியே நின்றது. நாலு மணிக்கு மேட்ச் தொடங்கியது. நானும் அக்காவும் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்தோம். கொன்ட்ரோலர் ஒரு தடவைகூடக் கண்ணயரவில்லை. அதனால் ஐயாவுக்குத் தப்பிக்க ஒரு வழியும் இருக்கவில்லை. எழுபத்திரண்டு ஓட்டத்தால் தோற்றார். அவருடைய துடுப்பாட்டக்காரர்கள் வருவதும் போவதுமாக இருந்ததைப் பார்த்தால், முந்திய மூன்று மேட்சிலும் பெட்டரி செத்தது அவருக்குச் செய்த உபகாரம் என்றுதான் தோன்றியது.

“இன்னைக்கு பெட்டரி எப்படி ஈக்கி ஐயா?” போனில் நானாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“மூணு கோடு இருக்கு நானா.”

“அப்ப ஒங்க ஆட்டம்தான் வீக்!”

வழக்கமாக இந்த இடத்தில் ஐயா போனோடு சண்டைக்குப் போவார். அன்று போகவில்லை. கொன்ட்ரோலரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “நானா, அந்த நோன்பு மாசம் நீங்க மெய்யாவே மெயின் சுவிட்ச அணைச்சிருந்தீங்களா?”

சிரிப்பு நின்றது. “அதத்தானே ஐயா பதினெட்டு வருஷமா சொல்றேன்.”

“நாளைக்கு வந்து பாக்குறேன்.”

“என்னத்தப் பாக்குறது? அந்தக் கூல் ஸ்பொட்டே இல்ல. இப்ப அங்க உடுப்புக் கடை.”

“மீட்டர் இருக்குல்ல?”

“மீட்டர் ஈக்கி. ஐயா, நீங்க பென்ஷன் எடுத்துப் பத்து வருஷம்!”

“முறைப்பாடு இன்னும் முடியலையே நானா.”

“பகல் சாப்பாட்டுக்கு இங்கதான் நிக்கணும். இனிப்பே போடாத வட்டலப்பம் செய்யச் சொல்றேன்” என்றார் நானா. அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது என்று அக்கா முணுமுணுத்தார்.

மறுநாள், ஜூன் 24, திங்கள். ஐந்தரைக்கு எழுந்து ஜன்னலைத் திறந்தேன். ஐயா கந்தோர்க் காலத்து வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். பையில் டெஸ்டர், கையில் நான் எழுதிய சி.ஆர். கொப்பி. கலேவெல பஸ்ஸைப் பிடிக்க நேரே பார்த்து நடந்தார். என் பிரிட்ஜ் மூச்சு விட்டதை நின்று கேட்கவில்லை. அவர் போன பிறகு வீடு விசித்திரமாக அமைதியாக இருந்தது.

நான் முதலில் செய்த வேலை, படிக்கட்டு விளக்கைப் போட்டது. ஏழு பத்துக்கு அதை அணைக்காமலேயே வேலைக்குப் போனேன். திரும்பி வந்ததும் கத்துவதற்கு அவருக்கு ஏதாவது வேண்டுமே.